மூன்றாம் மாடி மஞ்சள் கவுன்

கண்டி நகரில் எங்கள் கடைக்கு மூன்று மாடி. மேல்மாடியில் பிள்ளைகளின் உடுப்பு. அதற்கு நான்தான் பொறுப்பு. கலஹாவில் அம்மா கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து பிடித்த வேலை. இது போனால் மறுபடியும் தோட்டத்து லயத்துக்குத்தான், அந்த ஒற்றை அறை வரிசை வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பயம் என்னை விட்டுப் போனதே இல்லை.

தீபாவளி நெருங்கும்போது கொழும்புத் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. உடுப்புகளை ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டுமாம். புதுச் சரக்கு வராததை மறைக்க இப்படியொரு வித்தை. வாங்க வருகிறவர்களுக்குக் கண் இல்லையா என்ன? அடுத்த வாரம் செலவைக் குறைக்க நகரும் படியையும் நிறுத்தினார்கள். அது ஓடிய சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. நின்ற பிறகு, மாடியில் யாராவது நடந்தால்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்திலிருந்து என் தங்கை தன் மகளோடு வந்தாள். மஞ்சள் கவுன் ஒன்றைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த அளவில் அது ஒன்றுதான் மிச்சம். முதுகில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த பச்சை நூலால் நானே தைத்துக் கொடுத்தேன். தங்கை பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தாள், கழற்றி என்னிடமே நீட்டினாள்.

“அளவு பாக்கத்தான் வந்தோம்க்கா. போன்ல லைவ் போட்டு விக்கிறாங்கல்ல, அதுல கொறச்ச வெலைக்கு வீட்டுக்கே வந்துரும்.”

“அப்ப நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?”

“எங்க ஒரு கவுனால ஒங்க கடைய மூடிடவா போறாங்க?” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் மாடிக்கு வந்த பலரும் அளவு பார்க்க வந்தவர்கள்தான்.

இரண்டொரு நாளில், எங்களுக்குக் கவுன் தைத்துத் தரும் மடவளை ஊர் முதலாளி ஆட்களோடு வந்தார். விற்கும்வரை சரக்கு அவருடையது, அதுதான் ஏற்பாடு. கவுன்களை எல்லாம் மூட்டை கட்டினார்.

“டிசைன் மாத்தவா?” என்று கேட்டேன்.

“இல்ல தங்கச்சி.” குரலைத் தாழ்த்தினார். “கோவிக்க வாணாம். நீங்களும் வேற எடம் ஒண்டு பாத்துக்கோங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்டிகைக்கு முன்னால் மாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, எனக்குப் புத்தி வேறு சொல்கிறார். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

தீபாவளியன்று காலையில் கலஹாவுக்குப் போனேன். லயத்து வாசலில் பிள்ளை மஞ்சள் கவுனில் நின்றாள்.

“நேத்துத்தான் மடவளையிலருந்து பார்சல் வந்துச்சு. அளவு கச்சிதம்,” என்றாள் தங்கை. “நாளைக்கே போயிருவியாக்கா?”

நான் குனிந்து பிள்ளையின் முதுகைத் தடவினேன். பொத்தானில் நான் தைத்த அதே பச்சை நூல். எனக்கு முன்னால் அது லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.