பின்னாலிருந்து கிழிந்த கதை

ஆய்வகத்துக்குக் குடுவைகள் வந்த பெட்டியை இன்று திறந்ததும் எழுந்த வைக்கோல் வாசனை என்னை நாகரசம்பட்டியில் சித்தப்பாவின் மாங்காய்க் கொட்டகைக்கே கொண்டுபோனது. பெங்களூர் லாரிக்கான கூடைகளில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு காயையும் தாளில் சுற்றி அடுக்குவோம். தாளுக்காக, பழைய கதைப் புத்தகங்களைச் சித்தப்பா எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார். கெட்டி அட்டையும் அதோடு ஒட்டி வரும் முதல் தாள்களும் கூடைக்கு அடியில் போய்விடும். கணக்கைத் தவிர எதுவும் பிடிக்காத என் கண்ணில் ஒருநாள் அந்தப் புத்தகங்களில் ஒன்றில் கப்பல் உடையும் இடம் பட்டது; வேலை மறந்து நின்றுவிட்டேன். அன்று முழுக்க நான் முன்னாலிருந்து படித்தேன், சித்தி அதே புத்தகத்தைப் பின்னாலிருந்து கிழித்தாள்.

"ஏண்டி, கணக்குப் புலி! கப்பல்ல நீயா போற? காயச் சுத்துடி."

"அவன் கரை சேந்தானான்னு மட்டும் பாத்துக்கறேன் சித்தி."

"அவன் காலையிலயே பெங்களூர் போய்ச் சேந்துட்டான்."

கொட்டகையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

தோப்பை விற்றதும் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். போன மாதம் நூலகத்தில் அந்தக் கதையைக் கேட்டேன். அங்கே புத்தகங்கள் முழுசாக இருக்கின்றன.

"புத்தகத்தோட பேர் என்னம்மா?" என்றார் நூலகர்.

பேரை நான் பார்த்ததே இல்லை.