நஸ்ரீன் கையில் ஒரு பொட்டு மருதாணி

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் நாங்கள் மூன்று பேர் ஒரு மருதாணிப் பொட்டைப் பார்த்துக் கைதட்டினோம். நான், என் தோழி நஸ்ரீன், அவள் அம்மா பாத்திமாம்மா.

பட்டாணி அளவுதான் இருக்கும். நஸ்ரீனின் முன்கையில், உள்பக்கமாக, ஆரஞ்சு நிறத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சிவப்பில்லை, தடிப்பில்லை, அரிப்பில்லை!

ஒரு பொட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? சொல்கிறேன்...

நஸ்ரீனுக்கு நாளைக்குக் கல்யாணம். கையிலோ எக்ஸிமா. வீட்டுப் பேச்சில் கரப்பான். விரல் இடுக்கில் வெடிக்கும், நீர் கோக்கும், தூங்கவிடாமல் அரிக்கும். அவள் அக்கா கல்யாணத்தில் 'நேச்சுரல்' என்று எழுதிய கோன் ஒன்றை நம்பி இரண்டு கையிலும் மெஹந்தி வைத்துக்கொண்டாள். மறுநாள் டிசைன் அப்படியே கொப்புளமாக எழும்பியது. பூ, கொடி, மாங்காய் எல்லாம் அச்சு அசலாக! அன்றைக்கே பாத்திமாம்மா தீர்ப்பு எழுதிவிட்டார்: உன் கல்யாணத்துக்கு மெஹந்தியே கிடையாது.

லேசில் அழுகிறவள் இல்லை நஸ்ரீன். தேதி குறித்த அன்று அழுதாள். "வர்றவங்க எல்லாம் மொதல்ல கையைத்தான்டி பார்ப்பாங்க. வெறுங்கையோட உட்காரணுமா நானு?"

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளுக்கொரு வைத்தியம். வேப்பிலையை அரைத்துப் பூசு என்றார் ஒருவர். குப்பைமேனியில் உப்பு வைத்துத் தேய் என்றார் இன்னொருவர். எலுமிச்சம்பழம் பிழிந்தால் கிருமி சாகும் என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பை ஓரம் கட்டிவிட்டு, நஸ்ரீன் அத்தனையும் செய்து பார்த்தாள். அதுவும் இரண்டு கையிலும், முழுசாக. கேட்டால், "நேச்சுரல்தானே, இன்னா ஆயிடப்போவுது?"

வெடித்த தோலில் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று அறிவியல் டீச்சர். தெருவில் எந்த மருந்து டப்பா வந்தாலும், "அந்தப் பொண்ணுகிட்ட குடு, பின்னாடி இன்னா போட்டிருக்குன்னு படிச்சு சொல்லும்" என்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் நஸ்ரீனிடம் புத்தகம் படித்துக் காட்டினால் எடுபடாது. அதனால் ஊர் பாஷைக்கு வந்தேன்.

"ஆட்டுத்தோலைப் பதம் பண்ணி ஷூ தைக்கிற தோலாக்குறது எது? ஆவாரம்பட்டை. அதுவும் நேச்சுரல்தானே? தொட்டியில கையை ஊற வைக்கிறியா?"

முறைத்தாள். நான் விடவில்லை.

உங்களுக்கு நஸ்ரீனின் வேலையைச் சொல்லவில்லையே... ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். தோல் சரக்கு ஒரு லாட் வந்து இறங்கினால் சும்மா உள்ளே விடமாட்டாள். ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் துணியால் காய்ந்தபடி ஒரு தேய், நனைத்து ஒரு தேய். துணியில் சாயம் ஒட்டினால் லாட் ரிஜெக்ட்! சூப்பர்வைசர் கெஞ்சினாலும் கையெழுத்துப் போடமாட்டாள்.

"சாம்பிள் பார்க்காம ஒரு லாட்டை பாஸ் பண்ணுவியா?"

"வேலை போய்டும்டி."

"அப்ப கைக்கு மட்டும் ஏன் பார்க்கல?"

"இன்னாடி, வக்கீல் மாதிரி மடக்குற" என்றாள். ஆனால் மறுநாளே என்னோடு தோல் டாக்டரிடம் வந்தாள். முதலில் புண் ஆறட்டும், களிம்பை நிறுத்தாதே, கெமிக்கல் கலந்த கறுப்பு மெஹந்தி பக்கமே போகாதே, எதுவானாலும் ஒரு பொட்டு வைத்துப் பார் என்றார் அவர்.

அதற்கப்புறம் நஸ்ரீன் தன் கையையே ஒரு லாட் மாதிரி நடத்த ஆரம்பித்தாள். சுடுதண்ணீருக்குத் தடா, வெதுவெதுப்பான தண்ணீர்தான். வாசனை சோப்பு ரிஜெக்ட். கழுவியதும் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய். அந்த எண்ணெய்க்கும் முதலில் சாம்பிள்! பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கிளவுஸ், அதற்குள்ளே காட்டன் கிளவுஸ். மிளகாய், வெங்காயம் எல்லாம் தம்பி தலையில். அவன்தான் வீட்டிலேயே ஜாஸ்தி பேஜாரானவன்.

மெல்ல மெல்ல வெடிப்பு மூடியது. நோய் ஓடிப்போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எக்ஸிமா திரும்பி வரும் விருந்தாளி. ஆனால் கல்யாணத்துக்கு வராமல் இருந்தால் போதாதா?

எங்கள் பள்ளிக்கூட மருதாணி மரத்தில் இலை பறித்துக் கொடுத்தேன். வெறும் தண்ணீர் விட்டு அரைத்து, ஒரே ஒரு பொட்டு. இரண்டு நாள் காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை அன்று, வேலைப் பழக்க தோஷத்தில் வெள்ளைக் கர்ச்சீப்பால் அதைத் தேய்த்தாள். காய்ந்தபடி ஒன்று, நனைத்து ஒன்று. "டிரை பாஸ், வெட் பாஸ்" என்றாள், டியூட்டி குரலில். பாத்திமாம்மாதான் முதலில் கைதட்டினார்!

நேற்று மெஹந்தி. டிசைன் போட வந்த மெஹந்திக்கார அக்கா தன் கோனைத்தான் வைப்பேன் என்றார். சுத்த நேச்சுரல், ஒரு மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும் என்றார். வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு எழுத்து இல்லை. நஸ்ரீன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாம்பிள் வெச்சிட்டுப் போங்கக்கா. ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன்."

மெஹந்திக்கார அக்கா சிரித்துவிட்டார். அவர் கோன் பைக்குள் போனது. நாங்கள் அரைத்த விழுது வந்தது. நிறம் கம்மிதான், ஆரஞ்சுதான். இன்று காலை வரைக்கும் அரிப்பில்லை. அதற்கு மேல் என்ன நிறம் வேண்டும்?

நேற்று இரண்டு கையும் நிறைய மருதாணியோடு உட்கார்ந்திருந்த நஸ்ரீனுக்குத் திடீரென்று ஒரு யோசனை. "கைக்கு சாம்பிள் பார்த்தாச்சு. மாப்பிள்ளையைத்தான் பார்க்காம பாஸ் போட்டுட்டேன் போலிருக்கே!"

"அந்த லாட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார் பாத்திமாம்மா. "பேசாம கையைக் காய வை."