பூங்கொடி அக்கா கட்டிய பேய்

"வெட்டியா இருக்கிற நேரம்தாம்மா உன்னைக் கெடுத்துடுச்சு" என்று ஒரு மனிதர் என் அக்காவைப் பார்த்துச் சொன்னார். இங்கே ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை ரயிலுக்கு நிற்கும்போது அது நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

பூங்கொடி அக்கா திருப்போரூரில் மனை விற்கும் ஓர் அலுவலகத்தில் பத்திர வேலை பார்த்தாள். பட்டா நகல், வில்லங்கச் சான்று, பதிவு நாள் எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போகும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுடையது. சொந்தக்காரர்கள் அன்றைக்குக் காதுகுத்து வைத்தால்கூடப் போகமாட்டாள். "எனக்கு வேலை இருக்கு" என்பாள். என்ன வேலை என்று கேட்டால் முறைப்பாள்.

வேலை இதுதான். காலையில் மீன் குழம்பு. வடகம் தாளித்து, புளியைக் கெட்டியாகக் கரைத்து, மண்சட்டியில். அதில் தேங்காய் ஊற்றலாமா என்று யாராவது கேட்டால் அன்றைக்குச் சண்டை. குழம்பு அடங்கிக் கொதிக்கும்போது அடுப்படியிலேயே ஸ்டூலைப் போட்டுத் துப்பறியும் நாவல் படிப்பாள். பாதியில் மூடிவிட்டு, கொலைகாரன் யார் என்று சட்டியிடம் சொல்வாள். தப்பாகப் போனால் எழுத்தாளருக்குத் திட்டு விழும். மதியம் கேரம். ஆட்டம் முடிந்து டீ போட்டதும் பேய்க்கதை, அவளே கட்டியது. அவள் பேய்கள் வெள்ளைப் புடவை கட்டாது, கொலுசு போடாது, ராத்திரியில் வராது. "ராத்திரில எவன் வேணா பயப்படுவான். பட்டப்பகல்ல பயமுறுத்தணும்டா" என்பாள். அவளுக்கு இம்மியும் பேய் நம்பிக்கை கிடையாது.

கேரமுக்கு இரண்டு பேர் வருவார்கள். எதிர்வீட்டு பவானி ஒருத்தி. இன்னொருத்தி நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஆதியம்மாள். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவள். குழம்புக்கு மீன் கொடுத்துவிட்டு, மிச்சக் கூடையையும் விற்றுவிட்டு, மதியம் திரும்பி வந்து பலகை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் பலகையைத் தாண்டிப் போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் விழும்.

"ஆதிக்கா, இது கேரம். வலை வீசுறதில்ல."

"உன் போர்டு சின்னதா கீது, நான் இன்னா பண்ண?"

அந்த ஆதியம்மாள்தான் போன ஆடியில் ஒரு ஞாயிறு வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள். கடல்முத்து நகரில் மனை பார்த்தாயிற்றாம், ஆவணி பிறந்ததும் பதிவாம். அவள் வீட்டின் முன்பக்கச் சுவரைக் கடல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. அடுத்த புயலுக்கு மிச்சமும் போகும். அதற்குள் உள்ளே தள்ளி ஓர் இடம் வாங்கவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பினால் அவ்வளவுதான்.

கடல்முத்து நகர் அக்காவின் அலுவலகம் போட்ட மனைதான். உப்பங்கழி ஓரத்துப் பள்ளத்தில் கிராவல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, வண்ணக்கொடி நட்டிருந்தார்கள். போன மழைக்கு அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை, ஸ்கூட்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு அக்கா தன் கண்ணால் பார்த்தாள். முதலாளி ஜெகதீசனிடமே சொல்லிப் பார்த்தாள். "மழைன்னா தண்ணி நிக்காம நெருப்பா நிக்கும்?" என்றார்.

"ஆதிக்கா, அது வேணாம். தண்ணி நிக்கும்" என்றாள் அக்கா.

ஆதியம்மாள் சிரித்த சிரிப்பில் பவானிக்கு டீ சிந்திவிட்டது. "கடலு வந்து என் வாசப்படிய நக்கிகினு கீது. நீ மழத்தண்ணியக் காட்டி என்னை பயமுறுத்துறியா? போடி."

அக்கா மூன்று ஞாயிறு சொன்னாள். மூன்று ஞாயிறும் சிரிப்பு. நாலாவது ஞாயிறு அவளுக்குக் கோபம் வந்தது. டீயை வைத்துவிட்டுக் கதையை ஆரம்பித்தாள்.

கடல்முத்து நகரில் முதல் வீடு கட்டி முடித்த குடும்பம் அது. பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருக்கிறார்கள். எழுந்து பார்த்தால் கூடத்தில் ஈரக்கால் தடம். வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. துடைக்கிறார்கள். மறுநாள் தடம் அடுப்படி வரைக்கும். அதற்கு மறுநாள் தூளிக்குப் பக்கத்தில். தடம் எல்லாம் உள்ளே வருகிற தடம்தான், வெளியே போகிற தடம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு நாள் வீட்டுக்காரி தூங்காமல் கண்ணை மூடிக் கிடக்கிறாள். காதருகே ஒரு பெண் குரல், ரொம்பப் பொறுமையாக, "என் வழிய எங்க மூடினீங்க?" என்று கேட்கிறது.

ஆதியம்மாள் டீயைத் தொடவில்லை. "எந்த எடம்? நான் பாத்த எடமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெயித்துவிட்டதாக அக்கா நினைத்தாள். பவானி அதை ஃபோனில் பதிவுசெய்து தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டது அவளுக்குத் தெரியாது. புதன்கிழமைக்குள் அலுவலகத்துக்கே போன் வர ஆரம்பித்தது. அட்வான்ஸ் போட்டவர்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் உட்பட எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஈரக்கால் நிஜமா?

ஜெகதீசன் அக்காவைக் கூப்பிட்டார். முதலில் சொன்ன அந்த வெட்டி நேரத்து வாக்கியம் அப்போது வந்ததுதான். "வர்ற ஞாயிறு சைட் விசிட். வேன் வெச்சு, பிரியாணி போட்டு, எல்லாரையும் கூட்டினு வரேன். நீ மைக்கைப் புடிச்சு, பேய் பொய்யின்னு சொல்லணும். இல்லன்னா திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் வராதே."

நான் அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். வேலை போனால் என்ன ஆகும், ஜெகதீசன் அடியாட்களை அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தூக்கம் இல்லை. "அக்கா, சொல்லிட்டு வந்துடு. அவ்ளோதானே. பேய் பொய்தானே?" என்றேன்.

"பொய்தான்டா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பற்றவைக்காமல் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நானும் கூடப் போனேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, பிரியாணிப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, அரிசியில் உயிரே இல்லை என்று மூடி வைத்தாள் அக்கா. ஆதியம்மாள் கடைசி வரிசையில், கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பேய் இல்லை என்று தெரிந்தால் வாங்கிவிடத் துடித்துக்கொண்டிருந்தது அவள் முகம்.

அக்கா மைக்கை வாங்கினாள். "இங்க பேய் இல்ல. அந்தக் கதை நான் கட்டினது. ஒரு வரிகூட நிஜமில்ல."

கைதட்டினார்கள். ஜெகதீசன் சிரித்தபடி மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"இருங்க சார், முடிக்கல. தண்ணி நிஜம். ஏரியெல்லாம் நெறஞ்சா உப்பங்கழிக்கு இந்த வழியாதான் வரும். வழிய மூடித்தான் மண்ணு கொட்டியிருக்கு. போன மழைக்கு இங்க இடுப்பளவு நின்னுச்சு. நானே பாத்தேன்."

முன்வரிசையில் ஒருவர் எலும்பைக் கடித்தபடி, "ஏம்மா, மெட்ராஸ்ல எங்கதான் தண்ணி நிக்கல? எங்க அப்பார்ட்மென்ட்லயே போட் விட்டாங்க" என்றார். ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. ஹெட்மாஸ்டர், பேய் இல்லைதானே என்று பக்கத்தில் இருந்தவரிடம் இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார்.

அக்கா மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். "இல்லாத பேய்க்கு ஒரு வாரம் ஃபோன் பண்ணி என் உயிர எடுத்தீங்க. இருக்கிற தண்ணிக்குச் சிரிக்கிறீங்க. படிச்சவங்கதானே நீங்கெல்லாம்?" அதற்குள் யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் எழுந்து நின்று அவள் பையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆதியம்மாள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "இன்னாடி, கதையா? என்னைக் கொழந்தன்னு நெனச்சியா? சோறு எறங்கலடி எனக்கு இத்தினி நாளா!"

"நெசத்தச் சொன்னா கேட்டியா நீ? சிரிச்ச!"

"கடல்காரிகிட்ட தண்ணி வரும்னா சிரிக்காம இன்னா செய்வா? வர்ற தண்ணி, போவுமா?"

"போவாது. முகத்துவாரத்த மணல் அடைச்சிச்சுனா வாரக்கணக்கா நிக்கும். சாக்கடையும் சேந்து நிக்கும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு?"

ஜெகதீசன் குரலைத் தேனாக்கினார். "அம்மா, அவளுக்கு வேலை போவுதுன்னு ஆத்திரம். நீங்க வாங்க, கார்னர் மனை உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"உன் வூட்ட இங்க கட்டு சாமி. கட்டிட்டு ஒரு மழ இருந்து காட்டு. அப்பால வரேன்."

அவர் சிரித்தார். அவருக்கு ஆதியம்மாள் ஒருத்தி போனால் நஷ்டமில்லை. எங்கள் கண்ணெதிரே பின்னால் மேசை போட்டுக் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர்தான் முதல் ஆள்.

ஆதியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அக்காவின் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். கண் முழுக்க ஆத்திரம், தண்ணீரும்.

"பேயும் இல்ல, மனையும் இல்ல. ஐப்பசி பொறந்தா கடலு உள்ள வந்துரும். அப்ப நான் எங்கடி போறது?"

ஆதியம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கிராவல் மேட்டிலிருந்து இறங்கி, கடலும் அவள் குப்பமும் இருக்கும் திசையில் விறுவிறுவென்று நடந்தாள்.