டெக்கீலாவில் சர்க்கரை இல்லை

இன்று வட்டக்கானல் போகும் ஜீப்பில், அங்கே ஒரு விடுதியில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் பெண் என்னிடம் கேட்டார்:

"கத்தாழைல காய்ச்சுற டெக்கீலால சர்க்கரையே இல்லையாமே சார்? தங்க வந்தவங்க சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு சுகர். பிராந்திக்கு இது தேவலைன்னு, அவங்க விட்டுட்டுப் போன பாட்டிலை நான்தான் கொண்டாந்து குடுத்தேன்."

"சர்க்கரை இல்லைதாங்க. கலோரி பூராவும் ஆல்கஹால்ல இருந்து வர்றது. ஆனா வெறும் வயித்துல குடிச்சுட்டு சுகர் மாத்திரையும் போட்டா, சுகர் ஒரேயடியா இறங்கிரும். உயிருக்கே ஆபத்து."



"அன்னிக்குக் குடிச்சுட்டு, சோறு வேணாம்னு மாத்திரையை மட்டும் போட்டுப் படுத்தாரு. கருமாதி முடிஞ்சு இன்னிக்குத்தான் சோலிக்குப் போறேன் சார்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. பாராட்ட விரும்புபவர்கள் கீழே கமெண்டில் எழுதலாம்.