கைராசி இல்லாதவள் வளர்த்த மீன்கள்

பிள்ளை இல்லாத குறைக்கு மீன் வளர்க்கிறாள் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். குறைக்கு வளர்க்கவில்லை, ஆசைக்கு வளர்த்தேன். பெரம்பலூரில் ஒரு கடை வாசலில் கறுப்பு மோலி மீன்களைப் பார்த்தேன். அப்படி ஒரு கறுப்பு! எட்டு மீன் வாங்கி, பாலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன். எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது உண்மைதான். அதற்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் பூமி. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் படியும். அதனால் குடிக்கக் கேன் தண்ணீர்தான். நாங்கள் நல்ல தண்ணீர் குடித்துவிட்டு மீனுக்கு மட்டும் உப்புத் தண்ணீரா என்று கேனைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தேன். வாராவாரம் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவி, மறுபடி கேன் தண்ணீரையே நிரப்பினேன். மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்து ஆடின. ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. மறுபடி வாங்கினேன், மறுபடி மிதந்தன.

"வுடும்மா, உங்களுக்கு வர இருந்த கண்டத்த அது வாங்கிட்டுப் போயிடுச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா ஆறுதல் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கண்டத்தைச் சுமக்க வேண்டும் என்று அந்த மீனுக்கு என்ன தலையெழுத்து? ஏதோ தப்பு நடக்கிறது, அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

என் நாத்தனாருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. அவர் என் கணவரின் அக்கா, பெரம்பலூரில் இருக்கிறார். அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது, நான் சீர்த்தட்டைத் தூக்கக் குனிந்தேன். அவர் ஓடிவந்து தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எடுக்காத. உன் கைராசி அப்படி. வூட்டுல ஒரு மீனு கூட தங்க மாட்டேங்குது."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அந்தப் பெண் சின்ன வயதில் லீவு விட்டால் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். இந்தக் கைதான் அவளுக்குத் தலை பின்னி விட்டது. பந்தியில் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் நேரே மீன் கடைக்குப் போனேன். "எனக்கு மட்டும் சாவுற மீனா பாத்து விக்கிறீங்களா?" என்று சண்டைக்கு நின்றேன். கடைக்காரர் கோபப்படவில்லை. "என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

"கேன் தண்ணிதான். குறையே வெக்கல."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அதுல சத்தெல்லாம் வடிகட்டி எடுத்துடுறாங்கம்மா. மோலி உப்புல வளர்ற மீனு. உங்க ஊரு போர் தண்ணி அதுக்கு அமிர்தம். பிடிச்சு ஒரு நாள் வெச்சிருந்து ஊத்துங்க. மொத்தத் தண்ணியையும் மாத்தாதீங்க, கால்வாசி மாத்துனாப் போதும்."

நாங்கள் அன்றாடம் திட்டித் தீர்க்கிற தண்ணீர்! தொட்டியில் மிச்சமிருந்த மீன்களுக்கு அதை ஊற்றினேன். ஆடுகிற மீன் ஆட்டத்தை நிறுத்தியது. துடுப்பை விரித்துக்கொண்டு தொட்டியையே தன் பேரில் பட்டா போட்டதுபோல் சுற்றியது. சில மாதத்தில் ஒரு பெண் மீன் வயிறு பெருத்துக் குட்டி போட்டது. எண்ணுவதற்குள் பெரிய மீன்கள் பாதியைத் தின்றுவிட்டன, பெற்ற தாயும் சேர்ந்துதான் தின்றது. மிச்சத்தை டீ வடிகட்டியால் அள்ளி ஒரு பேசினில் விட்டு வளர்த்தேன். அடுத்த ஈத்துக்குத் தாயைத் தனியாகப் பிரித்து வைத்து, குட்டி போட்டு முடித்ததும் அதைத் தொட்டிக்கே திருப்பி விட்டேன். ஒரு குட்டிகூடப் போகவில்லை.

அதற்குள் நாத்தனார் மகள் கல்யாணமாகி முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு அழைக்க வந்த நாத்தனார் தொட்டி முன்னால் நின்று வாயைப் பிளந்தார். "அடேயப்பா, எம்மாங் குட்டி! உன் ராசி திரும்பிடுச்சு. வளையல் போடுற ஏழு பேருல நீயும் ஒருத்தி, சொல்லிட்டேன்."

ராசி இல்லை அண்ணி, தண்ணீர் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் கைக்கு வளையல் போட எனக்கு அவ்வளவு ஆசை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

வளைகாப்பு அன்று காலையில் தாய் மீன் செத்துக் கிடந்தது. வயதாகிவிட்டது, ஈத்து மேல் ஈத்து போட்டு ஓய்ந்துவிட்டது. என் கணவர் அதை எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, "அங்க வந்து வாயத் தொறக்காத. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம்.

மனையில் அவள் பட்டுப்புடவையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். என் முறை வந்ததும் நாத்தனார் வளையல் தட்டை நீட்டி, சுற்றியிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "இவ வூட்டுல மீனு குட்டியா போட்டுத் தள்ளுது. நல்ல ராசிக் கை."

தட்டைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணி, அந்தத் தாய் மீனு இன்னைக்குக் காலையில செத்துப்போச்சு. முன்ன செத்ததும் என் கையால இல்ல, குட்டி போட்டதும் என் கையால இல்ல. எல்லாம் தண்ணி. இப்ப சொல்லுங்க, நான் வளையல் போடலாமா, கூடாதா?"

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். பின்னால் யாரோ "இந்த நேரத்துல இது என்ன பேச்சு?" என்றார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். போயிற்று, நானே என் வாயால் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நகரவில்லை.

மனையில் இருந்தவள் அம்மாவின் தட்டை எட்டிப் பிடித்தாள். ஒரு கை வளையலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். "போடுங்க அத்தை" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அவளுக்குத் தலை பின்னி விட்ட அதே கையால் போட்டேன்.