களத்தில் போட்ட சாலை

எங்கள் ஊர்க்காரர்கள் பொய்யர்கள் அல்ல. ஆனால் வெளியூரிலிருந்து செருப்பும் பையுமாக யாராவது வந்து எதையாவது கேட்டால், உண்மையை அவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். யுத்த காலத்தில் ஒருவர் வந்து, இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்று சிரித்த முகத்தோடு விசாரித்துவிட்டுப் போனாராம். பின்னாலேயே சர்க்காருக்குக் கட்டாயமாக அளக்க வேண்டிய லெவி என்று சொல்லிக்கொண்டு வண்டிகள் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போயின. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா? அன்றிலிருந்து களம் நிறைய நெல் குவிந்து கிடந்தாலும், "ஏதோ கஞ்சிக்கு ஆச்சுங்க" என்பதுதான் ஊரின் ஒரே பதில்.

அப்படிப்பட்ட ஊருக்கு, நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் கழித்து, பிளாக் ஆபீசிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். இன்னும் இருபத்தைந்து வருஷத்தில் இந்த நாடு எப்படி இருக்க வேண்டும் என்பதை டில்லியில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் முடிவு செய்தால் போதாது, ஜனங்கள் சொல்ல வேண்டும், உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பியுங்கள் என்று அவர் மாரியம்மன் கோயில் முன்னால் நின்று பேசினார். நல்ல பேச்சு. யாரும் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

என் சித்தப்பாவுக்குச் சந்தேகப்படுவது மூச்சு விடுவது மாதிரி. அவர் எங்கள் நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், காதோடு சொன்னார்: "கேக்கறான்னா எட்த்துக்கினு போவப் போறான்னு அர்த்தம். வாயத் தொறக்காத."

அதனால் அதிகாரி ஒவ்வொருவரையும் என்ன குறை என்று கேட்க, ஒவ்வொருவரும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குடிக்கத் தண்ணீர்? இருக்கிறது. பள்ளிக்கூடம்? இருக்கிற வாத்தியாருக்கே பையன்கள் போதவில்லை. ஆஸ்பத்திரி? எங்களுக்கு நோயே வராது. நெல்லை மறைத்துப் பழகியவர்கள் இல்லாமையையும் மறைத்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, இவ்வளவு சௌக்கியமான ஊரிலா நாம் இருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது.

அவர் லேசில் விடுகிற ஆளில்லை. மறுநாள் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளோடு வந்து, அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்த களத்தில் எங்கள் ஊரையே படமாகப் போட்டார். ஏரி, கோயில், வீடுகள், வயல், தூரத்தில் கடம்பத்தூர் ஸ்டேஷன். அவர் குனிந்திருந்த நேரத்தில் அவருடைய பையை நான் எட்டிப் பார்த்தேன். நிலம் அளக்கிற சங்கிலி இருக்கும் என்று நினைத்தேன். நாஷ்டா பொட்டலம்தான் இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

இந்த ஊருக்கு ஒரு சாலை வர வேண்டுமானால் எந்த வழியாக வரும், நீங்களே போட்டுக் காட்டுங்கள் என்றார் அவர். அங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. சாலை எல்லோருக்கும் வேண்டும். மழைக்காலத்தில் வண்டி ஏரிக்கரையைச் சுற்றிப் போக வேண்டும், பாதி வழியில் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிடும். ஆனால் சாலை தன் நிலத்தில் மட்டும் வரக் கூடாது. நேர்வழி எது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அது எங்கள் கிணற்றடி நிலத்தின் நடுவே போவது. எங்களுக்கு இருந்ததில் மழை பொய்த்தாலும் விளைகிற நிலம் அது ஒன்றுதான். அதன் நடுவில் ஓர் அரளிச்செடி உண்டு. நைனா ஏர் ஓட்டும்போது அதைச் சுற்றி விலகிப் போவார். அங்கே பாம்பு இருக்கிறது, கிட்டே போகாதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆண்கள் ஒவ்வொருவராகச் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொருவர் சாலையும் தன் வரப்பு வந்ததும் அடுத்தவன் பக்கம் திரும்பியது. சித்தப்பா போட்ட சாலை நேராக ஏரிக்குள் இறங்கிவிட்டது. படகு விடப் போகிறீர்களா என்று அதிகாரி கேட்டார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல ஏரி வத்திடும் சார்" என்றார் சித்தப்பா, கொஞ்சமும் அசராமல்.

போதாததற்கு, கோலம் போட்டறியாத கைகள். கோடு ஓரிடத்தில் குவியலாகவும் ஓரிடத்தில் காணாமலும் கிடந்தது. கடைசியில் அதிகாரி, பெண்கள் யாராவது வந்து போடுங்களேன் என்றார். ஆண்கள் மறுக்கவில்லை. கைதானே அவர்களுடையது, சாலை நம்முடையது என்று நினைத்துவிட்டார்கள். நைனா அம்மாவிடம், ஏரிக்கரை ஓரமாகவே கொண்டுபோய்விடு என்று சொல்லி அனுப்பினார். அம்மா தலையை ஆட்டிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சுண்ணாம்பு சீராக இறங்கியது. ஸ்டேஷனில் ஆரம்பித்த கோடு ஏரிக்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்தது. எங்கள் வரப்பைத் தாண்டியது. எங்கள் கிணற்றடி நிலத்துக்குள் நுழைந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொந்த அம்மாவே சோற்று நிலத்தைத் தூக்கிச் சர்க்காருக்குக் கொடுக்கிறாளே என்று அவள்மேல் ஆத்திரமாக இருந்தது.

நிலத்தின் நடுவில் மட்டும் அவள் கை ஒரு சின்ன வளைவு எடுத்தது. பிறகு கோடு மறுபடி நேராக ஊருக்குள் வந்து நின்றது.

நைனா விறுவிறுவென்று களத்தில் இறங்கினார். கோட்டைக் காலால் அழிக்கத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சித்தப்பா, "அழி, அழி" என்றார். நைனா காலைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் அதிகாரி, இந்த இடத்தில் மட்டும் ஏனம்மா வளைத்தீர்கள், நேராகவே போகலாமே என்று கேட்டார்.

அம்மா சுண்ணாம்புக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேரா போனா மிதிச்சிக்கினு பூடுவாங்க சார்."

சாலை என்றால் மிதிக்கத்தானே என்று யாரோ சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ போட்டது போட்டபடியே எட்த்துக்குங்க சார்" என்றார். சித்தப்பா அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த அரளியடியில் புதையல் இருக்கிறது. பாம்பு என்பதெல்லாம் என்னை ஏமாற்றச் சொன்ன கதை. நிலத்தைக் கொடுத்துவிட்டு, புதையலை மட்டும் அம்மா சாமர்த்தியமாகத் தப்பிக்க வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் போய் அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் சேந்த வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என்ன தேடுகிறாய் என்று மட்டும் கேட்டாள்.

"இங்க இன்னாவோ பொதைச்சி வெச்சிக்கிறீங்க" என்றேன்.

"ஆமா" என்றாள் அம்மா. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னை இழுத்து வயிற்றோடு வெகுநேரம் அணைத்துக்கொண்டாள். பேச்சை மாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். எனக்கு முன்னால் பிறந்து, ஓர் ஐப்பசி அடைமழையில் வண்டி ஏரிக்கரைச் சேற்றில் இறங்கிவிட, திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராமலே அம்மாவின் மடியோடு திரும்பி வந்த ஓர் அண்ணன் எனக்கு இருந்தான் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.