எந்த வீட்டைத் தொட்டாலும் தூக்கம்

நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்குகிற வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, காலிங் பெல்லை யாரும் தொடக் கூடாது. கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வந்த வாரமே கறிவேப்பிலை கேட்கப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெல்லை அடித்தேன். கதவைத் திறந்த அக்கா பார்த்த பார்வையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

இருபது வருஷம் கழித்து நான் எழுதிய முதல் உருப்படியான வலைப்பக்கம் இதற்காகத்தான். எங்கள் வரிசையில் எட்டு வீடு. திரையில் ஒரு வீட்டைத் தொட்டால், அந்த வீட்டுக்காரர் இன்றைக்கு எந்த ஷிப்ட், இப்போது பெல் அடிக்கலாமா கூடாதா என்று பக்கம் சொல்லும். மகள் கல்லூரிக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய லேப்டாப்பில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வீடியோ பார்த்தே ஜாவாஸ்கிரிப்ட் கற்றேன். பகலில் எங்கள் வீட்டில் பாட்டு, பாடம், சண்டை எல்லாமே காதுக்குள்தான்.

வலைப்பக்கம் எழுதுகிற வேலைக்கும் எழுதிப்போட்டேன். இரண்டு இடங்களில் அனுபவம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் அனுபவத்தைக் கடையிலா வாங்க முடியும்? புதுச்சேரியிலிருந்த ஒரு சின்ன நிறுவனம் மட்டும், நீங்களே செய்தது ஏதாவது இருந்தால் வீடியோ காலில் காட்டுங்கள் என்றது. வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். அதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அவர்கள் கொடுத்த நேரமோ, என் வீட்டுக்காரர் நைட் முடித்து வந்து படுத்திருக்கும் காலை நேரம். மாற்றித் தரக் கேட்கலாம்தான். கேட்டால் வந்த வாய்ப்பும் போய்விடுமோ என்று பயம். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து, இயர்போனில் மைக் இல்லாததால் ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரையில் வந்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"மேடம், உங்க குரலே கேக்கலையே. மைக் ஆன்ல இருக்கா?"

"இருக்குங்க. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறாரு. அதான் மெதுவா பேசுறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டிக்கொண்டது. நான் பக்கத்தைத் திறந்து, வரிசையின் கடைசியிலிருக்கும் எங்கள் வீட்டைத் தொட்டேன். 'நைட் முடிந்து தூங்குகிறார். பெல் அடிக்காதீர்கள்' என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"முதல் வீட்டைத் தொடுங்க."

தூங்குகிறார், பெல் அடிக்காதீர்கள்.

"மூணாவது?"

தூங்குகிறார். மூன்றாவது வீட்டில் இருப்பவர் பள்ளிக்கூட டீச்சர். அவருக்கு ஏது நைட் ஷிப்ட்?

"என்ன மேடம், உங்க வரிசையே தூங்குதா?"

எழுதும்போதெல்லாம் எங்கள் வீட்டை மட்டுமே தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நம் வீடு சரியாக இருந்தால் ஊரே சரி என்கிற நினைப்பு. மூன்றாவது இடமும் போச்சு என்றே முடிவுகட்டினேன்.

"பரவாயில்ல, நிதானமா தேடுங்க. நீங்க எப்படித் தேடுறீங்கன்னுதான் நான் பாக்கணும்" என்றது அந்தப் பெண்.

பட்டியலில் ஷிப்டைத் தப்பாக அடித்திருப்பேனோ என்று முதலில் சந்தேகம். நிரலில் எட்டு வீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்கிற சுற்றுக்குள் ஒரு வரி சேர்த்து, நிரல் உள்ளே என்ன செய்கிறது என்று காட்டும் கன்சோலில் ஒவ்வொரு வீட்டையும் அச்சிட்டேன். எட்டும் சரி. டீச்சர் வீடு டீச்சர் வீடாகத்தான் இருந்தது. அடுத்து, வீட்டைத் தொட்டதும் ஓடுகிற பகுதியில் அதே வரியைப் போட்டேன். எதைத் தொட்டாலும் எங்கள் வீடு.

சுற்றும்போது சரி, தொடும்போது தப்பு. நடுவில் என்ன நடந்தது? இந்த இடத்தில் நேர்காணல், வேலை, எதிரில் இருந்த பெண் எல்லாமே எனக்கு மறந்துபோயின. அந்த நடுவைத் தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு வெறியே வந்துவிட்டது. வரி வரியாக விரலை வைத்துப் படித்தேன். எந்த வீடு என்பதை வைத்திருக்கும் மாறியை, ஜாவாஸ்கிரிப்டின் பழைய முறையில், 'வார்' (var) என்று அறிவித்திருந்தேன். அதைப் புது முறையில் 'லெட்' (let) ஆக்கிவிட்டு முதல் வீட்டைத் தொட்டேன். பகல் ஷிப்ட், பெல் அடிக்கலாம். டீச்சர் வீட்டிலும் அடிக்கலாம்.

"ஏன் சரியாச்சு? சொல்லுங்க பாப்போம்."

"வார் போட்டா எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரே சிலேட்டு மாதிரிங்க. முதல் வீட்டை எழுதி, அழிச்சு, அடுத்த வீட்டை எழுதி, கடைசியில எங்க வீடு மட்டும் நிக்குது. நான் தொடுற நேரத்துக்குள்ள சுத்து எப்பவோ முடிஞ்சுபோச்சு. லெட் போட்டா ஒவ்வொரு சுத்துக்கும் தனி சிலேட்டு. யாரும் யாரையும் அழிக்க முடியாது!"

கடைசி வாக்கியத்தைக் கத்தியே சொல்லிவிட்டேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு படுக்கையறைப் பக்கம் காதைக் கொடுத்தேன். ஓர் அசைவில்லை. பாவம், அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமையிலேருந்து சேந்துக்கோங்க மேடம். முதல் மூணு மாசம் பழகுற காலம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டது. கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடாமலே உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்ததும் சொல்லலாம், இப்போது ஒரு தடவை பார்த்துவிட்டாவது வருவோம் என்று மெல்லக் கதவைத் திறந்தேன்.

கண்ணை அகலத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"முடிஞ்சிடுச்சா? வேலை குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. நீங்க எப்ப முழிச்சீங்க?"

"நீ வணக்கம் சொன்னப்பவே."

"அப்பலேருந்தா? சத்தம் போட்டு எழுப்பிட்டேனா?"

"நீ எங்க சத்தம் போட்ட? குசுகுசுன்னு இருந்துச்சு, என்னான்னு கேட்டுகினே கெடந்தேன். வூடெல்லாம் தூங்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அப்ப இருமல் வந்துது. தலகாணிய வாயில வச்சு அமுக்கிகினேன்."

ராத்திரி மறுபடியும் நைட் ஷிப்ட். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது.

"எழுந்து வரவேண்டியதுதானே? இப்படியா மூச்சு விடாம கிடப்பீங்க?"

"நான் எழுந்தேன்னு தெரிஞ்சா, நீ அதைப் பாதியில வுட்டுட்டு எனக்குக் காபி போட வந்துடுவ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வந்திருப்பேன்.